ஹாலோ பிளாக் கல்லும் ஹாஃப் லைஃப் 2 விளையாட்டும்

சென்ற அரையாண்டு விடுமுறைக்கு அக்கா மகன் மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்; நூறு பேர் ஒரே தீவில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் கைப்பேசி விளையாட்டுகளில் வளர்ந்தவன். என் கணினியில் ஹாஃப் லைஃப் 2-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லித் தருவதில்லை என்ற உறுதியோடு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்குள் அவன் ஒரு வறண்ட கால்வாயில் மாட்டிக்கொண்டான். எதிரே தாவினால் எட்டாத உயரத்தில் ஒரு திட்டு; அதை நோக்கி, பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசாவைப் போல, நடுவில் முட்டுக் கொடுத்த ஒரு நீளப் பலகை. ஏறிப் பாதியைத் தாண்டியதும் பலகை மறுபக்கம் சாய்ந்து அவனைத் தரையிலேயே இறக்கிவிட்டது. வேகமாக ஓடிப் பார்த்தான், குதித்துப் பார்த்தான், கோபத்தில் பலகையைச் சுட்டும் பார்த்தான். அதன் பிறகுதான் ஓரமாகக் கிடந்த ஹாலோ பிளாக் கற்கள் அவன் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பலகையின் அடிமுனையில் அடுக்கினான். மறுபடி ஏறியபோது பலகை லேசாக ஆடியதே தவிரச் சாயவில்லை. திட்டின் மேல் நின்றுகொண்டு, "மாமா, வெயிட்டு நிஜமாவே வேலை செய்யுது!" என்றான்.

2005 கோடையில் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டில், ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி அவனே பூட்டிய கணினியில், இதே பலகையின் முன்னால் இதே வியப்போடு நானும் உட்கார்ந்திருந்தேன். இருபது ஆண்டுகளில் இந்த விளையாட்டை ஐந்தாறு முறை முடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணம் வலுத்துக்கொண்டே வருகிறது. இது சுடும் விளையாட்டு என்று பெயர் வாங்கியது. ஆனால் இதன் மிகப் பலவீனமான பகுதி சுடுவதுதான். இதன் பலம் முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது. பொருளுக்கு எடை உண்டு, தண்ணீருக்கு மிதக்க வைக்கும் சக்தி உண்டு, ஓர் ஊருக்கு நடந்து முடிந்த கதை உண்டு என்பதை வாயால் சொல்லாமல் கையால் தொட வைப்பதில் இதற்கு நிகராக நான் ஆடிய வேறொரு விளையாட்டைச் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஹாஃப் லைஃப் விளையாட்டின் தொடர்ச்சியாக இது 2004 நவம்பர் 16 அன்று வந்தது. முதலில் 2003 செப்டம்பர் 30 என்று அறிவித்திருந்தார்கள். அது தள்ளிப்போனது, அந்த இடைவெளியில் மூல நிரலே திருடப்பட்டு இணையத்தில் வெளியானது. பொருள்களின் எடை, உராய்வு, மிதப்பு ஆகியவற்றைக் கணக்கிட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாவோக் நிறுவனத்தின் மென்பொருளை எடுத்துத் விளையாட்டை இயக்கும் தங்கள் அடிப்படை மென்பொருளான சோர்ஸ் எஞ்சினோடு பொருத்திக்கொண்டார்கள். அக்காலத்து விளையாட்டுகளில் மரப்பெட்டி என்பது பெரும்பாலும் சுவரில் வரைந்த படத்துக்குச் சமமாக நின்றது, அல்லது சுட்டால் உடைந்தது. இதில் அதே பெட்டியைத் தூக்கலாம், அடுக்கி ஏறலாம், எதிரி மேல் எறியலாம், தண்ணீரில் விட்டால் மிதக்கும். இவ்வளவையும் 1.2 கிகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி ராமும் கொண்ட கணினியிலேயே ஓட வைத்தார்கள் என்பது, விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுக்கு வழியில்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அன்று பெரிய விஷயம்.

இந்த எடை சண்டைக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் நான் இத்தனை தூரம் எழுத மாட்டேன். விளையாட்டு தொடங்குவது ஒரு ரயில் நிலையத்தில். கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியலாளராக நாம் ரயிலை விட்டு இறங்குகிறோம். கையில் ஆயுதம் இல்லை. பூமியைப் பிடித்துக்கொண்ட கம்பைன் என்ற வேற்றுலக ஆட்சியின் காவலர்கள் எங்கும் நிற்கிறார்கள். வெளியேறும் வழியில் ஒரு முகமூடிக் காவலர், குளிர்பான இயந்திரத்தின் மேலிருந்த காலி டின்னைத் தடியால் தட்டிக் கீழே தள்ளிவிட்டு, அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறார். போட்டால் சிரித்துக்கொண்டே வழி விடுகிறார். அவர் மேலேயே வீசினால் தடியோடு துரத்துகிறார். ஒரே நிமிடம்தான். பொருளை எடுப்பது எப்படி, வைப்பது எப்படி, எறிவது எப்படி என்ற மூன்று பாடங்களும், இந்த ஊரில் மனிதனுக்கு என்ன மதிப்பு என்ற நான்காவது பாடமும் அதற்குள் முடிந்துவிடுகின்றன. திரையில் ஒரு வரி அறிவுரைகூடத் தேவைப்படவில்லை. அக்கா மகன் டின்னை வீசினான். 2005-இல் நான் பணிந்து குப்பைத்தொட்டியில் போட்டேன். இருவருக்கும் அந்தக் காவலர் மேல் வந்த வெறுப்பு ஒன்றுதான்.

சிட்டி 17 என்ற அந்த நகரத்தின் தோற்றத்தை வகுத்தவர் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பிறந்த விக்டர் அந்தோனோவ்; அவர் 2025-இல் மறைந்தார். கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் பழைய காரைக் கட்டடங்களுக்கு நடுவே வேற்றுலக உலோகச் சுவர்கள் கத்தியைச் செருகியதுபோல் நுழைந்து நிற்கும் காட்சி அவருடைய கைவண்ணம். அந்நகரத்தின் ஒரு திருப்பத்தில் சிறுவர் விளையாட்டுத் திடல் ஒன்று வருகிறது. ஆளில்லாத ஊஞ்சல் தொங்குகிறது. அதைக் கடந்து சிறிது தூரம் போன பிறகு இவன் திரும்பி என்னைப் பார்த்து, "மாமா, இந்த ஊர்ல பசங்களே இல்லையா?" என்று கேட்டான். இல்லை. மனிதர்களுக்குப் பிள்ளை பிறப்பதையே கம்பைன் தடுத்து வைத்திருக்கிறது என்பதை ஆட்சியாளர் பிரீன் ஒளிபரப்பும் உரையைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அறிவார்கள். கேட்காதவர்கள் இவனைப் போல ஊஞ்சலிலிருந்து தெரிந்துகொள்வார்கள். பதினான்கு வயதுப் பையன், யாரும் சுட்டிக்காட்டாமல், ஓர் இல்லாமையைத் தானாகக் கண்டுபிடித்தான். கதை சொல்லும் கலையில் இதைவிட உயர்ந்ததாக எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கடற்கரைப் பகுதியிலும் இதே முறைதான். நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, படகுத்துறைகள் தண்ணீரை விட்டு வெகு உயரத்தில் அந்தரத்தில் நிற்பதையும், படகுகள் காய்ந்த மணலில் சாய்ந்து கிடப்பதையும் பார்க்கிறோம். கடல் மட்டம் இறங்கியிருக்கிறது. பூமியின் நீரையே எடுத்துக்கொண்டு போகிறார்கள். யாரும் நம்மை நிறுத்தி விளக்கவில்லை. நான் அதை முதன்முதலில் பார்த்தபோது 2004 டிசம்பர் 26 கடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகுகள் பக்கவாட்டில் பிளந்து, கடலுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் கிடந்ததைப் பார்த்த கண்ணோடு அந்தத் திரையைப் பார்த்தேன். சியாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அதை வடிவமைத்தவர்களுக்கு நம் கரையில் நடக்கவிருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் கடலோரம் வாழ்கிறவர்களுக்கு, இடம் மாறிக் கிடக்கும் ஒரு படகு எவ்வளவு பேசும் என்பதை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தார்கள். மந்தைவெளியில் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் இறங்கி நிற்பதைத் தினமும் பார்ப்பவனுக்கு, விளையாட்டின் கழிவுநீர்க் கால்வாய்களும் அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி கிராவிட்டி கன். பொருள்களைத் தொலைவிலிருந்து இழுத்துப் பிடித்து, வேண்டும்போது வேகமாக வீசும் கருவி இது. இதை நம் கையில் கொடுத்ததும் சண்டைக்கு அனுப்புவதில்லை. பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் டாக் என்ற பெரிய இயந்திரத்தோடு பந்து பிடித்து விளையாட விடுகிறார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே கை பழகிவிடுகிறது. அடுத்து, இரவில் ரேவன்ஹோம் என்ற கைவிடப்பட்ட ஊர். நுழைந்த சிறிது நேரத்தில் ஒரு ஜோம்பியின் உடல் இரண்டாகத் துண்டுபட்டு, வட்ட ரம்பத் தகடு ஒன்று அதனோடு சேர்த்துப் பதிந்திருப்பதைக் காண்கிறோம். தகட்டை கிராவிட்டி கன்னால் பிடுங்குகிறோம்; அதே நேரம் இன்னொரு ஜோம்பி எதிரே வருகிறது; பதற்றத்தில் விரல் பொத்தானை அழுத்துகிறது; தகடு பறந்து அதையும் இரண்டாக்குகிறது. இவனுக்கு அது நடந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். தானே கண்டுபிடித்ததாக அவன் இன்றும் நம்புகிறான். அந்த நம்பிக்கையை ஆடுபவனுக்குக் கொடுக்க எவ்வளவு திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதை நினைத்தால் வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை கூடுகிறது. ரேவன்ஹோமில் துப்பாக்கிக் குண்டு அடிக்கடி தீர்ந்துபோகிறது. பெயிண்ட் டின், பீப்பாய், ரம்பத் தகடு என்று கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமாகிறது. விளையாட்டின் மிகச் சிறந்த பகுதி குண்டு இல்லாத பகுதியாக இருப்பது தற்செயல் இல்லை என்பது என் கருத்து.

ஏனென்றால் துப்பாக்கிகள் அப்படி. பெரும்பாலான நேரம் நம் கையில் இருப்பது எஸ்எம்ஜி என்ற சிறு இயந்திரத் துப்பாக்கி. அதற்கு 225 குண்டுகள் கூடுதலாகச் சுமக்கலாம். ஆனால் குண்டுகள் சிதறிப் பறக்கின்றன, அடி விழுந்த உணர்வு எதிரியின் உடலில் தெரிவதில்லை, சத்தமும் தகரத்தைத் தட்டியதுபோல் மெலிந்து கேட்கிறது. மாறாக, உண்மையில் இன்பம் தரும் பல்ஸ் ரைஃபிளுக்குக் கூடுதலாக 60 குண்டுகள்தான், மேக்னம் கைத்துப்பாக்கிக்கு 12 தான், பழுக்கக் காய்ச்சிய கம்பியை எய்யும் குறுக்குவில்லுக்கு 10 தான். நல்லதைப் பதுக்கி வைத்து மட்டமானதையே செலவழிக்கும் பழக்கத்துக்கு நாம் தள்ளப்படுகிறோம். கடைசிக் கட்டத்துக்கு முன் பை நிறைய மேக்னம் குண்டோடு நின்ற அனுபவம் என்னைப் போலப் பலருக்கும் இருக்கும். எறிகணை ஏவி மட்டும் விதிவிலக்கு. ராக்கெட்டை லேசர் புள்ளியால் காற்றில் திருப்பி ஓட்டலாம்; நேராக விட்டால் கன்ஷிப் என்ற எதிரியின் பறக்கும் போர் ஊர்தி அதைச் சுட்டு வீழ்த்திவிடுவதால், வளைத்துச் சுற்றிக் கொண்டுபோய் அதன் வயிற்றில் பாய்ச்ச வேண்டும். அந்தச் சண்டையில் கைக்கு வேலை இருக்கிறது, மனதுக்கும் இருக்கிறது.

எதிரிகளின் அறிவும் ஏமாற்றம் தருகிறது. 1998-இல் வந்த முதல் விளையாட்டில் ராணுவ வீரர்கள் பக்கவாட்டில் சுற்றி வந்து, கையெறி குண்டு வீசி நம்மை மறைவிடத்திலிருந்து விரட்டுவார்கள்; அந்தக் காலத்தில் அதைப் பாராட்டாதவர்கள் இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த தொடர்ச்சியில் கம்பைன் வீரர்கள் பெரும்பாலும் வாசல் வழியாக ஒருவர் பின் ஒருவராக வந்து விழுகிறார்கள். நோவா ப்ராஸ்பெக்ட் சிறையில் தானியங்கித் துப்பாக்கிகளை நிறுத்தி வைத்து அலை அலையாக வருபவர்களைத் தடுக்கும் கட்டம் பரபரப்பாக இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் துப்பாக்கியை எங்கே நிறுத்துவது என்ற நம் சிந்தனை. எதிரியின் சிந்தனை இல்லை. நகரத்தில் எழுச்சி வெடித்த பிறகு நம்மோடு வரும் குடிமக்கள் அணி இன்னொரு தொல்லை. குறுகிய படிக்கட்டில் வழியை மறித்து நின்று, நாம் திரும்பும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி மறிக்கிறார்கள். அவர்கள் சாகும்போது வருந்த வேண்டும் என்றுதான் படைத்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டுகளில் எனக்கு எரிச்சலே மிஞ்சியது.

டார்ச் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஃப்ரீமேன் அணிந்திருக்கும் பாதுகாப்புக் கவச உடையில் ஓடுவதற்கும், தண்ணீருக்குள் மூச்சுப் பிடிப்பதற்கும், டார்ச் எரிவதற்கும் ஒரே மின்சேமிப்பு. இருட்டில் துரத்தப்படும்போது ஓடினால் விளக்கு அணைகிறது, விளக்கை வைத்துக்கொண்டால் ஓட முடியவில்லை. "ஓடுறதுக்கும் டார்ச்சுக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று இவன் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. அச்சத்தைக் கூட்டுவதற்காகச் செய்திருக்கலாம், ஆனால் நடைமுறையில் கூடுவது சலிப்புதான். 2007-இல் இதன் தொடர்ச்சியாக வந்த எபிசோட் டூவில் டார்ச்சுக்குத் தனிச் சேமிப்பு கொடுத்தார்கள். தவறு என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

திரையில் எவ்வளவு அகலம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் பார்வைக் கோணம் 75 டிகிரி என்று வைத்திருப்பது பலருக்கு உடம்பையே படுத்துகிறது. கண் அருகில் திரையை வைத்துக் குறுகிய கோணத்தில் வேகமாகத் திரும்பும்போது தலைசுற்றல் வருவது இயல்பு. சமையலறையிலிருந்து வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்த அக்கா, ஏர்போட் எனப்படும் விசைப்படகில் தம் மகன் கால்வாய்ச் சுவர்களில் மோதித் திரும்புவதைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அமைப்பில் 90-க்கு மாற்றிக் கொடுத்த பிறகு அவனுக்குச் சற்று இதமாக இருந்தது. புதிதாக ஆடுபவர்கள் இதை முதலிலேயே செய்துகொள்வது நல்லது. அந்தப் படகுப் பயணமும் தேவைக்கு மேல் நீளம். பீப்பாய்களின் மிதப்பைக் கொண்டு சாய்தளத்தை உயர்த்துவது போன்ற அருமையான இடங்கள் நடுவே உண்டு. அவற்றுக்கு இடையில் வெறும் கால்வாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. நெடுஞ்சாலைப் பயணம் அவ்வளவு சலிக்கவில்லை. நினைத்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை அங்கே இருக்கிறது.

ஃப்ரீமேன் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. தொடக்கத்தில் இது பலம். அவன் இடத்தில் நாம் இருக்கிறோம். உளவியலாளர் பால் எக்மனின் முகத்தசை ஆய்வைப் பின்பற்றி உருவாக்கிய முகங்கள் இன்றும் உயிரோடு தெரிகின்றன. நமக்குத் துணைநிற்கும் அலிக்ஸ் என்ற பெண் நம்மைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தும்போது பதிலுக்குச் சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் கதை முன்னேற முன்னேற அந்த மௌனம் கனக்கத் தொடங்குகிறது. மக்கள் அவனை விடுதலை வீரன் என்று கொண்டாடுகிறார்கள், அவன் பெயரைச் சொல்லி உயிரைக் கொடுக்கிறார்கள்; அதை அவன் விரும்புகிறானா என்பதற்கு விளையாட்டில் இடமே இல்லை. கேள்வி கேட்கிறார்கள், பதில் சொல்ல வழியில்லை. இரண்டு பாதைகள் தெரிகின்றன, ஒன்றின் கதவு பூட்டியிருக்கிறது. பிரீன் ஓர் இடத்தில் இதையே குத்திக்காட்டுகிறார், ஃப்ரீமேன் யாருடைய கருவி என்று. குறையைக் கதைக்குள் கொண்டுவந்தது புத்திசாலித்தனம் என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவியாக இருக்கிறோம் என்று தெரிவித்துவிட்டு மறுக்க வழி கொடுக்காமல் இருந்தால், குறை குறையாகவே நிற்கிறது என்பது என் எண்ணம்.

இத்தனைக்குப் பிறகும் கடைசிக் கட்டம் என் வாதத்துக்கு அவர்களே தந்த சாட்சியாக இருக்கிறது. கம்பைனின் தலைமையிடமான சிட்டாடல் கோபுரத்துக்குள் நுழைந்ததும் எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரு கதிர்வீச்சு பறித்துச் சாம்பலாக்குகிறது. கிராவிட்டி கன் மட்டும் மிஞ்சி, நீல ஒளியோடு பல மடங்கு வலுப்பெறுகிறது. இப்போது அதனால் ஆளையே தூக்கி எறியலாம், சுவரில் பதித்த இயந்திரத்தைப் பிடுங்கலாம். சுடும் விளையாட்டு தன் துப்பாக்கிகளைத் தானே அழித்துவிட்டு அதன் பிறகுதான் உச்சத்தை அடைகிறது. நடுவில் கூண்டுக்குள் அடைத்து, செய்ய எதுவுமின்றி நீண்ட நேரம் வேடிக்கை பார்க்க வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக்கொண்டால், அந்தக் கோபுரத்தின் வழியே நடப்பது இன்றும் ஈடு இல்லாத அனுபவம்.

முடிவு என்று ஒன்று இல்லாததைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம். வெடிப்பின் நடுவில் காலத்தை நிறுத்தி ஜி-மேன் என்ற மர்ம மனிதர் ஃப்ரீமேனை அழைத்துப் போகிறார்; அங்கேயே நிற்கிறது. 2006-இல் எபிசோட் ஒன், அடுத்த ஆண்டு எபிசோட் டூ, அதன் கடைசியில் ஒரு பெரும் துயரம், பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அமைதி. 2020-இல் வந்த ஹாஃப் லைஃப் அலிக்ஸ் இந்தக் கதைக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால் நடப்பது. அதை ஆட மெய்நிகர் கண்ணாடி வேண்டும். அந்தச் செலவுக்கு நம் வீடுகளில் எத்தனை பேர் துணிவார்கள்? 2024 நவம்பரில் இருபதாம் ஆண்டையொட்டி, படைத்தவர்களின் விளக்கக் குரலைச் சேர்த்து விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அந்தப் பதிப்பைத்தான் இவன் ஆடினான்.

விடுமுறை முடிவதற்குள் அவனால் கடற்கரை ரயில் பாலம் வரைதான் போக முடிந்தது. பாலத்தின் மேல் வழியில்லை. அடியில் உள்ள இரும்புச் சட்டங்களின் மேல் நடந்து மறுகரைக்குப் போக வேண்டும். எதிரிகள் குறைவு, சுடவும் பெரிதாக எதுவும் இல்லை. கீழே வெகு ஆழத்தில் கடல், காற்றின் ஓசை, தலைக்கு மேல் ரயில் போகும்போது பாலம் முழுவதும் எழும் இரைச்சல். முக்கால் மணி நேரம் மவுஸை மெல்ல நகர்த்தி நகர்த்திப் போனான். இரண்டு முறை விழுந்தான். மூன்றாம் முறை நடுத்தூண் வரை போய்ச் சேமித்துவிட்டு, அக்கா பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்போது, "அந்த சேவ்ல கை வச்சுடாதீங்க மாமா, முழுப் பரீட்சை லீவுக்கு வந்து மீதிய நானே நடக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.